பாக்கெட்டில் இருந்த கைகள்

வட்டக்கானலில் கடவுளின் ஆசி ஒரே ஒரு ஆளின் கை வழியாகத்தான் வந்தாக வேண்டும். அந்தக் கையோ வாரத்தில் பாதி நேரம் மைதா மாவுக்குள் கிடக்கும்.

ஆளின் பெயர் நப்தலி. நாற்பத்தாறு வயது, கொஞ்சம் தொந்தி, நிறைய வாய். அருவிக்குப் போகும் வளைவில் பேக்கரி வைத்திருந்தான். அவனுடைய பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில், இஸ்ரேலில் கட்டாய ராணுவ சேவை முடித்த பிள்ளைகள் முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு கொடைக்கானல் மலைக்கு வந்து, பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடப்பார்களாம். முக்கால்வாசிப் பேர் விசா முடிந்ததும் ஊருக்குப் போனார்கள். சிலர் போக மறந்தார்கள். மறந்தவர்களின் வம்சம் இப்போது முப்பது வீடுகள். ஒரு சின்ன ஜெப ஆலயம், ஒரு ரபி, ஏகப்பட்ட அவகாடோ மரங்கள். எபிரேயத்தில் ஜெபிப்பார்கள், சண்டை மட்டும் தமிழில்தான்.

இந்த முப்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கோஹேன் இருந்தான். யூதர்களின் முதல் பூசாரியான ஆரோனின் ஆண்வழியில் வந்தவனைக் கோஹேன் என்பார்கள். சபை முன்னால் நின்று, சால்வைக்குள் கைகளை உயர்த்தி, ஆசி சொல்வது அவனுக்குப் பிறப்பிலேயே எழுதப்பட்ட வேலை. அவன் நல்லவனா, படித்தவனா, ரொட்டியைத் தீய விடுகிறவனா என்று யாரும் கேட்பதில்லை. ஆசி மேலிருந்து வருகிறது, அவன் வெறும் குழாய். ஆனால் சட்டம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. மனிதனைக் கொன்ற கை அந்த ஆசிக்காக உயரக் கூடாது.

நப்தலி மூன்று வருஷம் போரில் இருந்தவன். கடலடிக் கனிமத்துக்காக ஏழெட்டு நாடுகள் அடித்துக்கொண்ட போர். இவன் கூட்டுப் படையில் கொச்சிப் பக்கம் ஒரு கட்டடத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்தபோது அப்போதைய ரபி ஒரே கேள்வி கேட்டார். "ஒரு தடவையாச்சும் சுடுற பொத்தான அமுக்கினியாப்பா?"

"இல்ல ரபி. சத்தியமா ஒரு தடவைகூட அமுக்கல."

அது அட்சர சுத்தமான உண்மை. அன்றிலிருந்து கை உயர்ந்துகொண்டிருந்தது.

*

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையில் சபாத் ரொட்டிக்குக் கூட்டம் நெரிந்தது. சாயங்காலம் சூரியன் இறங்கிச் சபாத் என்ற ஓய்வுநாள் பிறந்துவிட்டால் மறுநாள் இருட்டும் வரை அடுப்பு, விளக்கு, போன் எதையும் தொட முடியாது. அதனால் வெள்ளிக்கிழமை என்றால் ஊரே பறக்கும். ஜெப ஆலயத்தின் காரியதரிசி மெனாஷே மாமா தனக்குக் கிடைத்த ரொட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னாடா இது, தீஞ்சு போயிருக்கு?"

"தீயல மாமா. வெயில்ல கறுத்துருச்சு."

"வட்டக்கானல்ல ஏதுடா வெயிலு?"

"அதான் மாமா. பழக்கமில்லாத ரொட்டி, தாங்கல."

கூட்டம் சிரித்தது. கல்லாவில் இருந்த தாமார் மட்டும் சிரிக்கவில்லை. பதினெட்டு வருஷம் இவனுக்கு மனைவியாக இருந்தவளுக்குச் சிரிப்பு தீர்ந்துபோயிருந்தது.

அப்போதுதான் அந்த அம்மாள் உள்ளே வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நூல் சேலைமேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர், காதை மூடி ஒரு துண்டு, காலில் ரப்பர் செருப்பு. மலைக்குளிரைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு, கையில் கிடைத்ததை எல்லாம் மாட்டிக்கொண்டு வந்த கோலம்.

"இங்க நப்தலிங்கது யாரு?"

"ரொட்டி நல்லா இருந்துச்சுன்னா நான். தீஞ்சிருந்தா அந்தா, கல்லாவுல இருக்காங்க."

"ஏங்க!" என்றாள் தாமார்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. நேராகப் பலகை வரை வந்தாள். "நான் மிக்கேலம்மா. வேம்பாரு. கடக்கரை. காஸ்பர் பொண்டாட்டி."

நப்தலிக்கு எந்தக் காஸ்பரையும் தெரியாது. முகத்தைப் பார்த்தே அவளுக்கு அது புரிந்தது.

"பேரு தெரிஞ்சிருக்காது தம்பி. நீலப் படகு. ஆடி மாசம், ஒரு சனிக்கெழம. தனியாத்தான் போயிருந்தாவ."

மாவுக்குள் இருந்த அவன் கை நின்றது.

"இப்ப புதுசாச் சட்டம் போட்டிருக்காவல்ல, செத்தவன் குடும்பம் கேட்டா சொல்லணும்னு. கேட்டேன். அஞ்சு பேரு பேரையும் சொன்னாவ. யாரு என்ன அமுக்கினாங்கதையும் சொன்னாவ. நாலு பேரு 'சுடு'ன்னு அமுக்கிருக்கான். அஞ்சாவது ஆளு நப்தலி. அவருக்கு நேரா 'பதில் இல்லை'ன்னு இருக்கு." மாவு அப்பிய அவனுடைய கையை அவள் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "நீங்க மட்டுந்தான் தம்பி அமுக்கல. அந்த ஒரு ஆளப் பாத்துட்டுப் போயிரணும்னு வந்தேன்."

மெனாஷே மாமா ரொட்டியைக் கீழே வைத்தார்.

"அஞ்சு பேரு எதுக்குடா?" என்றார் மெதுவாக. "ஒரு துப்பாக்கிக்கு அஞ்சு பேரா?"

பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாது போலிருந்தது. "ரோந்துக் கப்பல்ல ஆளே கெடையாது மாமா. துப்பாக்கியும் கேமராவுந்தான். யாரையாச்சும் சந்தேகப்பட்டா, சுடட்டுமான்னு கேக்கும். அஞ்சு ஊர்ல அஞ்சு பேரு உக்காந்து அதே படத்தப் பாத்துட்டு 'சுடு', இல்லாட்டி 'வேண்டாம்'னு அமுக்கணும். ஒரே ஆளு தலையில பாரம் விழக் கூடாது, ராத்திரி தூக்கம் கெடக் கூடாதுன்னு பிரிச்சு வச்சாய்ங்க."

"அடப்பாவிகளா! கேக்கு வெட்டுற மாதிரியா?"

"ஆமா மாமா. என் பங்க நான் தொடல," என்றான் நப்தலி.

வாயிலிருந்து அது தானாக வந்தது. வாய் அவனுக்கு முன்னால் ஓடிப் பழகியது. மெனாஷே மாமாவின் கண் கலங்கிவிட்டது. பலகையைச் சுற்றி வந்து அவனைக் கட்டிப் பிடித்து முதுகில் ஓங்கித் தட்டினார். "எங்க கோஹேன்! பாருங்கடா, எங்க கோஹேன்! நாலு பேரு கொன்னுருக்கான், நம்மாளு கையே வைக்கல!"

தாமார் கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். "கடைசி ஜீப்பு போயிருச்சுக்கா. நாளைக்கு நாங்க வண்டி எடுக்க மாட்டோம். ரெண்டு நாளு எங்க வீட்டுலதான் இருக்கணும்," என்று மிக்கேலம்மாவின் பையை வாங்கிக்கொண்டாள். பிறகு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

எல்லோரும் போனதும் நப்தலி அடுப்புக்குப் பின்னால் போய் மாவு மூட்டைமேல் உட்கார்ந்தான்.

அவன் மெனாஷே மாமாவிடம் பாதி விதியைத்தான் சொல்லியிருந்தான். மீதி இதுதான். ஐந்து பேரில் ஒரே ஒருவர் 'வேண்டாம்' என்று அமுக்கினால் போதும், துப்பாக்கி அடங்கிவிடும். நேரத்துக்குள் ஒருவர் எதையுமே அமுக்காவிட்டால், கருவி அதை 'சுடு' என்று எடுத்துக்கொள்ளும். நடுக்கடலில் சிக்னல் அறுந்துவிட்டால் போர் நின்றுவிடக் கூடாதல்லவா, அதற்காக.

*

போரில் அவன் செய்த ஒரே வீரச்செயல், சனிக்கிழமைக்காகச் சண்டை போட்டது. பொத்தானை அமுக்குவதும் வேலைதான், சபாத்தில் கூடாது. விடுப்பு வேண்டும் என்று மேஜர் தல்வாரிடம் போய் நின்றான். மேஜர் நல்ல மனுஷர். "லீவு கிடையாது. ஆனா நீ எதையும் அமுக்க வேண்டாம். சும்மா உட்கார். பதில் இல்லைன்னா கருவியே 'சுடு'ன்னு எடுத்துக்கும். உனக்கும் பாவம் இல்லை, எனக்கும் தலைவலி இல்லை" என்றார்.

அப்போது அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் திரைக்கு முன்னால், இரண்டு கைகளையும் காற்சட்டைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கூட இருந்தவர்கள் 'சனிக்கிழமைச் சாமியார்' என்று பெயர் வைத்தார்கள். டீ குடிக்க வருகிறவர்கள் பின்னால் நின்று, "சாமியார் கை இன்னிக்கு வெளிய வருமா?" என்று பந்தயம் கட்டுவார்கள். "வராது, உள்ள ஹீட்டர் போட்டிருக்கேன்" என்பான் இவன். மெஸ்ஸில் அவன் பிரபலமானது இப்படித்தான். நாலைந்து சனிக்கிழமைகள் திரை எதுவும் கேட்கவில்லை.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. நீலப் படகில் ஒரு ஆள். தோளில் நீளமாக ஏதோ இருந்தது. ராக்கெட் ஏவும் குழாய் என்றது கருவி. சுடட்டுமா என்று கேட்டது. இருபது விநாடி அவகாசம்.

அந்த ஆள் தோளிலிருந்த நீளத்தை இறக்கினான். இறக்கி, பின்பக்கமாகக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, முதுகைச் சொறிந்தான். அவ்வளவு சுகமாகச் சொறிந்தான். ராக்கெட் குழாயால் எவனும் முதுகு சொறிவதில்லை. அது கம்பு. நப்தலி சிரித்தேவிட்டான்.

ஓர் உயிர் போகும் என்றால் சபாத்தை மீறலாம். அதுகூட அல்ல, மீறியே ஆக வேண்டும். வட்டக்கானலில் மூக்கு ஒழுகும் பிள்ளைக்குக்கூட அது தெரியும். வலது கை பாக்கெட்டுக்குள் அசைந்தது. பின்னால் டீக்கோப்பையோடு நின்ற இரண்டு பேர், "வருது, வருது, சாமியார் கை வருது!" என்று கூவினார்கள்.

கை நின்றது.

இவ்வளவுதான். பயமில்லை, வெறியில்லை, பக்திகூட இல்லை. அந்த இரண்டு பேர் சிரித்துவிடுவார்களே என்று இருந்தது. மீதி நாலு பேரும் இதே படத்தைத்தானே பார்க்கிறார்கள், யாராவது ஒருவன் வேண்டாம் என்று அமுக்கிவிடுவான் என்று இருந்தது. அப்புறம் திரையில் படகு இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

*

அன்றிரவு சபாத் விருந்துக்கு அவன் வீட்டில் இடம் போதவில்லை. மெனாஷே மாமா வாசலில் நின்றே ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார். வந்தவர்கள் எல்லாம் அவன் முதுகில் தட்டினார்கள். நப்தலி நாலு நகைச்சுவை முயன்று பார்த்தான், நாலும் செத்துப் பிறந்தன. சூப்பைச் சிந்தினான். "பணிவு!" என்றார் மெனாஷே மாமா. "பாருங்கடா, எவ்வளவு பணிவு!"

"பதினெட்டு வருஷமா இந்த மனுஷன் ஒரு உருப்படியான காரியம் பண்ணலன்னு நெனச்சுட்டு இருந்தேன்க்கா," என்று தாமார் மிக்கேலம்மாவின் தட்டில் மீனை வைத்தாள். "எங்கிட்டகூட சொல்லல பாருங்க."

மிக்கேலம்மா மீனை மரியாதைக்காகக் கொஞ்சம் பிட்டுப் பார்த்தாள். கடற்கரைக்காரிக்கு மலைமீன் எப்படி ருசிக்கும். "மத்த நாலு பேருக்கும் போன் போட்டேன் தாயி. ஒருத்தன் பேரச் சொன்னதுமே வச்சிட்டான். மறுபடி போட்டேன், எடுத்தான். ஒருத்தன் அழுதான். வெவரமா ஒண்ணும் பேசத் தெரியல ஒருத்தனுக்கும்." பிறகு நப்தலியைப் பார்த்தாள். "தம்பி, நீங்க கோயில்ல கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுவியளாம்ல?"

"அது... ஆமாக்கா."

"எம் மவன் புதுப் படகு கட்டிருக்கான். அடுத்த வாரம் எறக்குதோம். அப்பன் போன கடல்தானேன்னு எனக்கு அனுப்ப மனசே வரல. எங்க சாமியாரு வந்து மந்திரிப்பாரு, அது வேற. ஆனா எங்க வீட்டுக்காரரச் சுடச் சொல்லாத கை ஒண்ணு ஒலகத்துல இருக்கு. அந்தக் கையால ஒரு ஆசீர்வாதம் வாங்கிட்டுப் போனா, நான் அவன நிம்மதியா அனுப்புவேன்." சந்தையில் மீன் கேட்பதுபோலத்தான் கேட்டாள். "நாளைக்கு நானும் வந்து நிக்கலாமா? நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போறவ."

"தாராளமா நிக்கலாம்!" என்று பத்துக் குரல்கள் சொன்னன.



*

காலையில் ஜெப ஆலயத்துக்குப் போகும் சரிவில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாத மூடுபனி. ரபி ஆசேர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். நப்தலியைவிடப் பதினைந்து வயது சின்னவர். வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார், யோசிக்கும்போது தாடியை வாயில் வைத்துக் கடிப்பார். நப்தலி ஓடிப்போய் அவரைப் பிடித்து, மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். விதி, பாக்கெட், கம்பு, முதுகு, டீக்கோப்பைகள், சிரிப்பு.

ரபி நின்றார். தாடி வாய்க்குள் போனது.

"நீங்க சுட்டிருந்தாக்கூட எனக்குச் சுலபம்ணே," என்றார். "போருக்குப் போன கோஹேன் எதிரியக் கொன்னா, அவன் கையத் தூக்கலாமா கூடாதான்னு பெரியவங்க ரெண்டு பக்கமும் நிறையப் பேசியிருக்காங்க. கூடாதுன்னவங்க உண்டு. கட்டளைப்படி செஞ்சது, ஊரக் காக்கச் செஞ்சது, தூக்கலாம்னு சொன்னவங்களும் உண்டு. மனசு திரும்பினா போதும்னவங்களும் உண்டு. நான் ஒரு பக்கம் சாஞ்சிருவேன். ஆனா நீங்க..."

"நான்?"

"நீங்க கையே வைக்கலையேண்ணே. சட்டம் கொன்ன கையப் பத்திப் பேசுது. பாக்கெட்ல இருந்த கையப் பத்தி அது ஒண்ணுமே சொல்லல."

"அப்ப?"

"அப்ப சட்டப்படி நீங்க ஏறலாம். சொல்லப்போனா, தகுதி இருந்தும் ஏறலன்னாதான் தப்பு."

நப்தலிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "நான் என்ன ஆளு ரபி! கொலைக்குத் தப்பிச்சேன், இப்ப சட்டத்துக்கும் தப்பிச்சுட்டேன்."

"இன்னிக்கு ஏறாதீங்கன்னு நான் சொல்லணும்னு எதிர்பாக்குறீங்க," என்றார் ரபி. "சொல்ல மாட்டேண்ணே. சொன்னா அது என் முடிவாயிரும். 'ரபி ஏற வேணாம்னாரு'ன்னு ஊர்ல சொல்லிக்குவீங்க. அதுவும் ஒரு பாக்கெட்டுத்தான்." சொல்லிவிட்டுத் தன் வார்த்தையின் கூர்மையில் தானே சங்கடப்பட்டவராக, வேகமாக மூடுபனிக்குள் போய்விட்டார்.

*

ஆலயத்தில் அன்றைக்கு ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. பெண்கள் பக்கத்தில், தட்டிக்குப் பின்னால், தாமாரும் அவளுக்கு அடுத்து மிக்கேலம்மாவும் நின்றார்கள். மிக்கேலம்மா துண்டை எடுத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முக்காடு போட்டிருந்தாள்.

ஆசி நெருங்கியபோது நப்தலி வழக்கம்போல் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு பின்கட்டுக்குப் போனான். ஆசிக்கு முன் கோஹேனின் கைகளுக்கு லேவியன், அதாவது கோஹேனுக்குத் துணைநிற்கப் பிறந்த வம்சத்தான், தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊரில் லேவி வம்சம் மெனாஷே மாமாதான். செம்பை எடுத்து, மணிக்கட்டு வரை நனையும்படி பொறுமையாக ஊற்றினார். ஊற்றி முடித்ததும் குனிந்து காதோரம் சொன்னார்:

"சும்மா முறைக்குத்தாண்டா ஊத்துறேன். இந்தக் கைக்குத் தண்ணியே வேணாம்."

நப்தலி துண்டை வாங்கவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு, கை சொட்டச் சொட்ட வெளியே போய்விட்டான்.

புல் முழுக்கப் பனி. காலுறை நனைந்து சொதசொதத்தது. எவ்வளவு தூரம் போவது என்ற யோசனை எதுவும் அவனிடம் இல்லை. பேரிக்காய் மரம் வரை போய் நின்றான். பின்னால் ரப்பர் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்ன தம்பி, மேலுக்குச் சொகமில்லையா? தட்டி வழியாப் பாத்தேன், நீங்க வெளிய போறத."

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்."

சொன்னான். ரபியிடம் சொன்னதைவிட இது மெதுவாக வந்தது. ஒரே ஒரு 'வேண்டாம்' போதும் என்பதைச் சொன்னான். பேசாமல் இருந்தால் 'சுடு' என்று அர்த்தம், அது தனக்கு முன்னாலேயே தெரியும் என்பதையும் சொன்னான். மிக்கேலம்மா குறுக்கே பேசவில்லை. எல்லாம் முடிந்ததும் அவள் கேட்டது வேறு எதையோ.

"கம்பு வச்சு என்ன செஞ்சாவன்னு சொன்னிய?"

"முதுகு சொறிஞ்சாருக்கா."

"எப்பிடி?"

நப்தலி ஈரக் கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய்க் காட்டினான். அவள் வாயிலிருந்து சட்டென்று ஒரு சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றது.

"எடது பக்கந்தான். உப்புத்தண்ணி பட்டா அந்த எடம் அரிக்கும். படகு தள்ளுத கம்பு அது. எத்தன தடவ ஏசியிருக்கேன், முள்ளு குத்தும், சீப்பு இருக்குல்லன்னு." முக்காடு நழுவியதை அவள் கவனிக்கவில்லை. "கண்ண மூடிருந்தாவளா?"

"ஆமாக்கா."

"அப்ப நீ பாத்துருக்க."

அவள் குரல் ஏறவில்லை. 'நீங்க' மட்டும் போயிருந்தது.

"பாத்தேன்."

"கம்புன்னு தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சுது."

"பாத்துட்டு என்ன செஞ்ச?"

நப்தலியின் வாய் முதன்முறையாக அவனுக்குப் பின்னால் வந்தது. "சிரிச்சேன்க்கா."

ஆலயத்துக்குள் ரபியின் பாட்டு தேவைக்கு அதிகமாக நீண்டுகொண்டிருந்தது. கோஹேன் வர நேரமாகிறது என்பதால் இழுத்துப் பாடிக்கொண்டிருந்தார்.

"அந்த நாலு பேரு," என்றாள் மிக்கேலம்மா, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி. "போன்ல நாலு பேரும் ஒரே வார்த்ததான் சொன்னானுவ. யாராச்சும் ஒருத்தன் வேண்டாம்னு அமுக்கிருவான்னு நெனச்சோம்மா, அப்பிடின்னு. எனக்கு அது வெளங்கவே இல்ல. ஏதோ பேச்சுக்குச் சொல்லுதானுவன்னு விட்டுட்டேன்." இப்போது அவன் பக்கம் திரும்பினாள். "நாலு பேரும் ஒன்னத்தான் நம்பிருக்கானுவ."

"நாளைக்கு விடிஞ்சதும் நானே உங்கள வத்தலக்குண்டு வரைக்கும் கொண்டுபோயி விட்டுர்றேன்க்கா," என்றான் நப்தலி. " இன்னிக்கு நான் உள்ள போகல. இனிமேயும் ஏற மாட்டேன். உடம்புக்கு முடியலன்னு சொல்லிக்கிறேன்."

"ஒடம்புக்கு முடியலன்னா?"

நப்தலி குனிந்து தன் ஈரக் காலுறையைப் பார்த்தான்.

"நேத்து ராத்திரி அம்புட்டு பேரு ஒம் முதுவுல தட்டினாவ. ஒம் பொண்டாட்டி விடியுற வரைக்கும் ஒன்னப் பத்தியே பேசிக்கிட்டு கெடந்தா. எங்கிட்ட மட்டும் இந்த மரத்தடியில சொல்லிப்புட்டா ஆச்சா?" முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நான் போயிச் சொல்ல மாட்டேன் தம்பி. அது என் சோலி இல்ல. எனக்கு எம் மவன்ட்ட என்ன சொல்லுததுன்னே தெரியல."

அவள் திரும்பி நடந்தாள். பெண்களுக்கான வாசலுக்குள் போகவில்லை. படியில், வெளியே, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

*

கோஹேன்கள் இரண்டு பேர் இருந்தால் 'கோஹேன்களே!' என்று சத்தமாக அழைப்பார்கள். ஒருவனே இருந்தால் அழைப்பு கிடையாது. அவனாகவே ஏறித் திரும்பிக்கொள்ள வேண்டும். அதனால் நப்தலி பின்கதவு வழியாக வந்து மேடையில் ஏறியபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. ஈரக் காலுறை மரப்பலகையில் பதிந்த சத்தம் மட்டும் கேட்டது.

அந்தச் சத்தம் போதுமாயிருந்தது. ஆசி நேரத்தில் கோஹேனைப் பார்க்கக் கூடாது. ஆண்கள் எல்லோரும் ஜெபச் சால்வையைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். அப்பாக்களின் சால்வைக்குள் பிள்ளைகள் புகுந்துகொண்டார்கள். தட்டிக்குப் பின்னால் பெண்கள் கண்ணை மூடித் தலையைக் குனிந்தார்கள். நப்தலி திரும்பியபோது அவனுக்கு எதிரே முகங்களே இல்லை. வெள்ளைத் துணி வரிசை மட்டும் இருந்தது.

இத்தனை வருஷமாக இதே துணி வரிசையைப் பார்த்துத்தான் அவன் ஆசி சொல்லிக்கொண்டிருந்தான். எவ்வளவு வசதியான ஏற்பாடு.

முறைப்படி ரபி ஆசியின் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். கோஹேன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நப்தலி சொல்லவில்லை. அவன் சால்வை தோளில் கிடந்தது. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டையும் பக்கவாட்டில் தொங்க விட்டிருந்தான். விரல் நுனியில் இன்னும் தண்ணீர் சொட்டியது.

ரபி தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். இரண்டாவது தடவை வார்த்தையை எடுத்துக் கொடுக்கவில்லை.

"துணிய எடுங்க," என்றான் நப்தலி.

யாரும் அசையவில்லை. ஏதோ புது எபிரேயம் என்று நினைத்திருக்கலாம்.

"எல்லாரும் துணிய எடுங்க. நான் ஆசி சொல்ல ஏறல. ஒரு விஷயம் சொல்லணும். என்னப் பாத்துட்டுக் கேளுங்க."

முன்வரிசையில் ஒரு சால்வை மெதுவாக விலகியது. முதலில் தெரிந்த முகம் மெனாஷே மாமாவுடையது. அது இன்னும் பெருமையில் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.